நல்ல கிருமிக்குத் தீனி

ரைஸ்மில் முதலாளி சடையப்பருக்கு ஒருநாள் வயிறு கட்டிக்கொள்ளும், மறுநாள் நிற்காமல் போகும். குடல் நிபுணர் என்று பலகை மாட்டிக்கொண்ட சுந்தரவதனன் ஒரு தூளோடு வந்தார். அவர் எங்கே படித்தார் என்று யாரும் கேட்கவில்லை.

"இது ப்ரீபயாடிக். குடல்ல இருக்கிற நல்ல கிருமிக்குத் தீனி. தினம் ஒரு பொட்டலத்தை மோர்ல கலக்கணும்" என்றார். போலி வந்துவிடுமாம், ஒவ்வொரு பொட்டலத்தின் வாயிலும் தன் கையெழுத்துப் போட்ட சீட்டை ஒட்டியிருந்தார்.

குடித்த முதலாளிக்கு வயிறு பானையாய் உப்பியது. "நல்ல அறிகுறி. கிருமி சாப்பிடுது" என்றார் நிபுணர். பிறகு வலித்தது. "அதுவும் நல்ல அறிகுறிதான்."

சமையல்காரி அன்னக்கொடிக்குச் சந்தேகம் தட்டியது. "அப்போ கெட்ட அறிகுறி எப்படிங்க இருக்கும்?" என்று கேட்டுவிட்டாள்.

நிபுணருக்குச் சுருக்கென்றது. "இவ கலக்குற லட்சணம் சரியில்ல. பத்து நாள்ல வயிறு அடங்கலைன்னா இவளை வேலையை விட்டு அனுப்புங்க!" முதலாளியும் தலையாட்டினார்.

பதினோராம் நாள் வயிறு அடங்கியிருந்தது. நிபுணர் மீசையை முறுக்கினார். "பார்த்தீங்களா என் தூளோட வேலையை!"

அன்னக்கொடி ஒரு தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். அதில் பத்துப் பொட்டலமும் ஒட்டிய சீட்டு கிழியாமல் இருந்தன. "உங்க கையெழுத்துதானேங்க? பத்து நாளும் வெறும் மோர்தான் கொடுத்தேன்."

முதலாளி ஒன்றைப் பிரித்து மோரில் கொட்டி நிபுணரிடம் நீட்டினார். "நீங்க குடிங்க."

நிபுணர் பதறிப் பின்வாங்கினார். "ஐயோ, அது என் வயித்துக்கு ஒத்துக்காதுங்க!"

"இதுதாங்க நல்ல அறிகுறி" என்றாள் அன்னக்கொடி.