தாழ்ப்பாள் இல்லாத அரண்மனை

முன்னொரு காலத்தில் செம்மணல்நாட்டை விறல்மாறன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். ஆண்டதோடு நிறுத்தியிருந்தால் நானும் கோபப்படாமல் கதை சொல்லியிருப்பேன். அவனுக்குக் குடிகள்மேல் கொள்ளை அன்பு. அந்த அன்புதான் ஊரை வாட்டி எடுத்தது.

ஒருநாள் நகர்வலம் போனபோது ஏதோ ஒரு வீட்டுக் கதவைத் தட்டினான். உள்ளே தாழ் போட்டிருந்ததால் திறக்கச் சற்று நேரமாயிற்று. ராஜாவுக்கு முகம் சுண்டிவிட்டது. சபைக்கு வந்ததும் வராததுமாக, “என் குடிகள் என்னிடமிருந்து எதை மறைக்கிறார்கள்?” என்று கேட்டான்.

தண்டநாயகர் கேசவராயர் முந்திக்கொண்டு எழுந்தார். எதற்கெடுத்தாலும் ராஜா அமைச்சர் மாதவனாரின் முகத்தையே பார்க்கிறாரே என்று அவருக்கு நெடுநாள் வயிற்றெரிச்சல். “மகாராஜா, உள்தாழைக் கழற்றிவிட்டால் நம் ஆட்கள் எந்நேரமும் உள்ளே போய் நலம் விசாரிக்கலாம். ஒளிக்க ஒன்றும் இல்லாதவனுக்குத் தாழ்ப்பாள் எதற்கு?”

மாதவனார் கேட்டார்: “அரண்மனைக் கதவுகளுக்கும் இது பொருந்துமா?”

“என் கதவுக்கும்தான். நான் எதை ஒளிக்கிறேன்?” என்று ராஜா நெஞ்சை நிமிர்த்தினான்.

மறுநாளே நாட்டின் தாழ்ப்பாள்களெல்லாம் பிடுங்கப்பட்டு அரண்மனை முற்றத்தில் குவிந்தன. கேசவராயரின் ஆட்கள் நலம் விசாரிக்கப் புறப்பட்டார்கள். ஒருவன் அடுப்படிக்குள் புகுந்து குழம்பைக் கிண்டி, புளி போதாது என்றான். இன்னொருவன் புருஷனும் பெண்டாட்டியும் என்ன கிசுகிசுத்தார்கள் என்று விசாரித்தான். வந்தவனைக் கடிந்துகொண்டால் அதையும் நலக்குறைவு என்று எழுதிக்கொண்டான். திருடன் நுழைந்தாலாவது கூச்சல் போடலாம். இவர்களை உட்காரவைத்து மோர் கொடுக்க வேண்டியிருந்தது. இதைச் சொல்லும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

தச்சுவேலை செய்யும் சுடலையாசாரி வீட்டில் மகள் வள்ளி பிள்ளை பெற்று ஒன்பது நாள் ஆகியிருந்தது. அவள் பால் கொடுத்துக்கொண்டிருந்த அறைக்குள் இரண்டு ஆட்கள் நுழைந்து, “பிள்ளைக்குப் பால் போதுமா?” என்று கேட்டார்கள். அவள் சுவர்ப் பக்கம் திரும்பி அழுதாள். அவர்கள் போனதும் ஆசாரி உளியை எடுத்து, வேப்பங்கட்டையில் ஒரு தாழ் செதுக்கி அந்த அறைக் கதவில் மாட்டினார். மறுநாளே பிடிபட்டார். தாழ் செய்த வலது கட்டைவிரலை வெட்ட வேண்டும் என்றார் கேசவராயர். தச்சனுக்குக் கட்டைவிரல் போனால் பிறகு என்ன இருக்கிறது?

“எதுக்குய்யா தாழ் போட்டே?” என்று ராஜா கேட்டான்.

“எம் பொண்ணு பெத்துக் கெடக்கா சாமி. அந்த அறைக்குள்ள பெத்த அப்பன் நானே கேக்காமப் போறதில்ல.”

“நான் நாட்டுக்கே அப்பன்.”

ஆசாரி ராஜாவை நேராகப் பார்த்தார். “அப்போ நீங்களும் கேட்டுட்டு வாங்க சாமி.”

ராஜா கொதித்தெழுந்து மாதவனார் பக்கம் திரும்பினான். “அமைச்சரே, அரசனின் அன்புக்கு எதிராகத் தாழ் போட்டுக்கொள்ள வேண்டிய யோக்கியன் ஒருவனை ஒரு வாரத்தில் காட்டுங்கள். காட்டாவிட்டால் இவன் விரல் போகும்.”

“காட்டுகிறேன். அதுவரை நலம் விசாரிக்கும் ஆட்களை நான் நியமிக்க வேண்டும்,” என்றார் மாதவனார். வேலையற்ற வேலையை அமைச்சரே தலையில் கட்டிக்கொண்டார் என்று கேசவராயருக்கு உள்ளூரக் குளிர்ந்தது.

சனிக்கிழமை வந்தது. ராஜா கோவணத்தோடு மணையில் உட்கார்ந்து, தலை முதல் கால்வரை நல்லெண்ணெய் வழிய, சீயக்காய்க்குக் காத்திருந்தான். கதவு திறந்தது. மருத்துவச்சி, வண்ணார், பூக்காரி என்று நாற்பது பேர் அரச முத்திரையோடு உள்ளே வந்தார்கள். கடைசியாகச் சுடலையாசாரி.

“மகாராஜா சௌக்கியமா?” என்றாள் மருத்துவச்சி. “எண்ணெய் சூடு பத்தலையே. தொப்புள்ள வச்சீங்களா?”

“முதுகுல தேமல் இருக்கு, எழுதிக்குங்க,” என்றார் வண்ணார்.

“தொந்தியும் எழுதணுமா?” என்று கேட்டாள் பூக்காரி.

ராஜா மணையைத் தூக்கி முன்னால் பிடித்துக்கொண்டான். “வெளியே போங்கள்.”

“கோவம் வருது. நலக்குறைவுன்னு எழுதிக்குங்க,” என்றாள் மருத்துவச்சி.

காவலரைக் கூப்பிட்டான். முத்திரை இருப்பதால் தடுக்க முடியாது என்று அவர்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். எல்லாரையும் தள்ளிவிட்டுக் கதவைச் சாத்தினான். அது மறுபடி திறந்துகொண்டது. எண்ணெய்க் கை வழுக்க வழுக்கக் கதவை முதுகால் முட்டுக்கொடுத்தபடி, “ஆசாரி, ஒரு தாழ் போடய்யா,” என்று கத்தினான்.

“போட்டா வெரல் போயிரும் சாமி,” என்றார் ஆசாரி வெளியிலிருந்து.

அப்போது மாதவனாரின் குரல் கேட்டது. “யோக்கியன் ஒருவனைக் காட்டச் சொன்னீர்களே மகாராஜா. இந்தக் கதவுக்குப் பின்னால் நிற்கிறார்.”

முதுகு கதவில் வழுக்கி ராஜா கீழே உட்காரும் சத்தம் கேட்டது. பிறகு, “எல்லாருக்கும் தாழைத் திருப்பிக் கொடுங்கள்,” என்ற குரல் வந்தது. அது ராஜாவின் குரலாகவே இல்லை.

ஆசாரியின் விரல் பிழைத்தது. தலை துவட்டி வந்த ராஜா தன் கழுத்து மாலையைக் கழற்றி மாதவனாருக்குப் போட்டான். கேசவராயருக்கும் வேலை கொடுத்தான். தாழ்ப்பாள்களைத் தோளில் சுமந்து வீடு வீடாகப் போக வேண்டும். கதவைத் தட்டிவிட்டு, வா என்று சொல்லும்வரை வெளியே நிற்க வேண்டும்.

முதல் வீடு சுடலையாசாரியின் வீடு. உச்சி வெயில். கேசவராயர் தட்டினார்.

“புள்ள பால் குடிக்குது. நில்லுங்க,” என்றாள் வள்ளி.

கதவில் தாழ் இல்லை. அது கேசவராயரின் தோளில் கிடந்தது. ஒரு விரலால் தள்ளினால் கதவு திறந்துவிடும்.

நின்றார்.