கொம்பையாவின் அருவிப் படம்

“மேடம், அந்தக் கறுப்புத் திரையப் பாத்தாலே எனக்குக் கை ஓடமாட்டேங்கு. சர்வர் எந்திரிக்கும்போது படத்தோடயே எந்திரிக்கட்டும்.”

கேட்டவர் கொம்பையா. வெள்ள எச்சரிக்கை நிலையத்தில் சர்வர் அறை அவர் பொறுப்பு. கணக்குப் பிரிவில் தலை நரைத்தவர். சர்வரை ஓட்டும் லினக்ஸைக் கற்றுக்கொள்கிறேன் என்று தாமே கேட்டு இந்த வேலைக்கு வந்திருந்தார்.

ஆபிதா மேடம் அவரைவிட மிகவும் இளையவர். ஆனால் சுற்றுவட்டார அலுவலகங்களில் சர்வர் படுத்துவிட்டால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லும் பழக்கம் அவரிடம் கிடையாது. அதில் பலருக்கு எரிச்சல் உண்டு.

“இதுக்கா என்னைக் கூப்பிட்டீங்க அண்ணாச்சி?”

கொம்பையா ஜன்னலுக்கு வெளியே இருந்த சங்கைக் காட்டினார்.

“இல்ல. போன மழைல சங்கு ஊதல. ஏன்னு தெரியணும்.”

ஆற்றில் தண்ணீர் அளவுக்கல்லின் மஞ்சள் கோட்டைத் தொட்டால், சர்வரில் ஓடும் புரோகிராம் அபாயச் சங்கை ஊதவைக்கும். அந்த நிலையமே அதற்காகத்தான் இருக்கிறது.

போன மழையன்று கரண்ட் போய் வந்தது. சர்வரின் பேட்டரி செத்து நாளாகிறது; புதிது கேட்டு எழுதிப் போட்டிருக்கிறார்கள், வரும். கரண்ட் வந்தும் சங்கு ஊதவில்லை. ஆற்றோரத் தெருவுக்குள் தண்ணீர் புகுந்தது. கொம்பையாவின் அக்கா பேச்சியம்மாள் கழுத்தளவுத் தண்ணீரில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பசு போய்விட்டது. கன்று மட்டும் மிஞ்சியது.

அன்று கொம்பையா லீவு. நிலையத்தில் வேறு ஆளில்லை. மறுநாள் அவர் வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும் சங்கு ஊர் அதிர ஊதியது, வெள்ளம் வடிகிற நேரத்தில்.

ஊர் சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை, அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். ஊர் சிரிப்பைத் தாங்கிக்கொண்டார். அக்கா பேசாததைத் தாங்க முடியவில்லை.

“சங்கு நல்லாத்தான் இருக்கு. புரோகிராமும் நல்லாத்தான் இருக்கு. நான் இருக்கும்போதெல்லாம் ஓடுது. அன்னைக்கு மட்டும் அதுக்கு என்ன கேடு?”

ஆபிதா ஜன்னல் வழியே ஆற்றைப் பார்த்தார். மழை வலுத்திருந்தது. அளவுக்கல்லில் தண்ணீர் மஞ்சள் கோட்டுக்குக் கீழேதான் இருந்தது. ஆனால் ஏறிக்கொண்டிருந்தது.

அவர் நடந்துபோய் சர்வரின் சுவிட்சை அணைத்தார்.

“மேடம்! ஆறு ஏறுது!”

“கோட்டைத் தொட்டா நான் கையால ஊதிக்கறேன்.” சுவிட்சைத் திரும்பப் போட்டார். “வெளிய வாங்க.”

இருவரும் வராந்தாவுக்கு வந்தார்கள். ஆபிதா கதவைப் பூட்டிச் சாவியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். சங்கைக் கையால் ஊதும் சிவப்புப் பொத்தான் சுவரில் இருந்தது. அதன் பக்கத்தில் போய் நின்றார்.

“நீங்க இன்னைக்கு லீவு.”

கண்ணாடி வழியே பார்த்தால் திரை தெரிந்தது. சர்வர் எழுந்தது. அழகான அருவிப் படம் வந்தது, கொம்பையா ஆசைப்பட்டுத் தேடி வைத்த படம்.

புரோகிராம் ஓடத் தொடங்கினால் சங்கு முதலில் குட்டியாக ஒரு தடவை கூவும். அந்த நிலையத்தின் வழக்கம் அது; பொத்தானை அழுத்தி ஊதினால் அந்தக் கூவல் வராது. கொம்பையா காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

கூவவில்லை.

தண்ணீர் இன்னும் கொஞ்சம் ஏறியது.

“சாவியைத் தாங்க மேடம்.”

அவர் தரவில்லை.

“கையெடுத்துக் கும்பிடுதேன். எங்க அக்கா அந்தத் தெருவுலதான் இருக்கா. தாங்க!”

“உள்ள போய் என்ன செய்வீங்க?”

“என் பாஸ்வேர்டப் போட்டு உள்ள நுழைவேன். நுழைஞ்சா அது பாட்டுக்கு...”

பேச்சு பாதியில் நின்றது. கண்ணாடியில் மூக்கு நசுங்க ஒட்டிக்கொண்டு பார்த்தார்.

அருவிக்கு நடுவே அவர் பெயர். பெயருக்குக் கீழே காலிக் கட்டம். கட்டத்துக்குள் ஒரு சின்னக் கோடு மின்னி மின்னி அணைந்தது.

படம் வந்து, தான் பாஸ்வேர்டு போட்டு உள்ளே நுழைந்தவுடன் புரோகிராம் ஓடட்டும் என்று வைத்தவர் அவரேதான். பொறுப்புக்கு வந்ததும் பார்த்த முதல் வேலை அது. கண்ணெதிரே அது திறந்து ஓடுவதைப் பார்க்க லட்சணமாக இருந்தது.

“இது எனக்காகல்லா உக்காந்திருக்கு,” என்றார். அழுதுவிட்டார். “அன்னைக்கும் எனக்காகத்தான் உக்காந்திருந்திருக்கு.”

ஆபிதா சாவியை நீட்டினார்.

கொம்பையா உள்ளே ஓடினார். புரோகிராமைத் தன் பெயரிலிருந்து பிரித்தெடுத்து, சர்வர் எழும்போதே தானாக எழும் வேலைகளோடு சேர்த்தார். தப்பும் தவறுமாக அடித்து அடித்துத் திருத்தினார்.

“இது போதும்லா? படம் ஒரு ஓரமா இருந்துட்டுப் போட்டுமே.”

ஆபிதா மானிட்டரின் வயரைப் பிடுங்கினார். மானிட்டரைத் தூக்கி அவர் மடியில் வைத்தார்.

“யாரு பாக்கறதுக்கு?”

கொம்பையா மடியில் இருந்ததையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே மஞ்சள் கோட்டுக்கு ஒரு சாண் பாக்கி.

வயரை அவரே திரும்பச் செருகினார். இனி எழும்போது படத்துக்குப் போகாமல் எழுத்தோடு நிற்கும்படி ஒரே ஒரு வரி அடித்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு சர்வரை மறுபடி எழுப்பினார்.

அருவி வரவில்லை. கறுப்புத் திரையின் மேல் ஓரத்தில் வெள்ளையாக ஒன்றிரண்டு வரி. அவர் எதையும் தொடுவதற்கு முன்பே வெளியே சங்கு குட்டியாகக் கூவியது.

“நம்பிக்கை வந்துச்சா?”

“இல்ல மேடம்.” அந்த மனிதருக்குப் பொய் வராது. “நான்தான் பக்கத்துல இருக்கேனே. நான் இருந்தா அது என்னைக்கும் ஊதத்தான் செய்யும்.”

“அப்போ கேக்க வேண்டிய எடத்துல போய் நில்லுங்க.”

ஆபிதா அறையைப் பூட்டி, சாவியைக் கொம்பையாவின் சட்டைப் பையில் போட்டார்.

கொம்பையா மழையில் நனைந்தபடி ஆற்றோரத் தெருவுக்கு ஓடினார். பேச்சியம்மாள் வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். கன்று உள்ளே கட்டிக் கிடந்தது.

“அக்கா, கெளம்பு. ஆறு வருது.”

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“என் பேச்சையும் ஒருதடவ கேளுக்கா.”

அசையவில்லை. அவர் பேச்சுக்கு அந்த வீட்டில் இனி என்ன மதிப்பு?

அப்போது கரண்ட் போனது. தெரு முழுக்க இருண்டது. கொம்பையா நிலையம் இருந்த பக்கம் திரும்பினார். அங்கே சர்வர் விழுந்திருக்கும்.

கரண்ட் வந்தது. அக்கா வீட்டு விளக்கு எரிந்தது.

சங்கு இல்லை.

அவர் கை சட்டைப் பையிலிருந்த சாவியை இறுக்கியது. பூட்டிய அறை, ஆளில்லாத நாற்காலி. இப்போது ஓடினாலும் போய்ச்சேர முடியாது.

சங்கு இல்லை. தெருமுனையில் சாக்கடை எதிர்த்துக்கொண்டு வந்தது.

கண்ணை மூடிக்கொண்டார்.

தூரத்தில் குட்டியாக ஒரு கூவல். அதை அடுத்து நீளமாக, நிற்காமல்.

பேச்சியம்மாள் எழுந்தாள். விறுவிறுவென்று உள்ளே போய்க் கன்றை அவிழ்த்துக்கொண்டு வந்தாள். கயிற்றை அவர் கையில் திணித்தாள்.

“ஏல, சங்கு ஊதுதுல்லா? ஏம்ல மரமாட்டம் நிக்க? பிடி.”