சிவப்பு நூல் அட்டை

"வாயைத் திறக்க மாட்டேங்கிறா, மிஸ்."

மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்த ஹமீதா நின்றாள்.

"யாரு, ஜோவிட்டாக்கா?"

"எம் மக ரின்சி. பொங்கல்லேர்ந்து ஒரு வார்த்தை இல்லை."

"காது?"

"நல்லா கேக்குது. தொண்டையும் நல்லாத்தான் இருக்காம். டாக்டரே கையை விரிச்சிட்டார்."

ஹமீதா வயதில் இளையவள். ஆனாலும் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது எப்படி என்று ஜோவிட்டாவுக்குப் பயிற்சி தருகிறவள் அவள்தான். ஜோவிட்டாவின் புருஷன் மஸ்கட்டில். வீட்டில் வேறு ஆள் இல்லை. நாலு வயது மகளைத் தான் ஆங்கிலம் எடுக்கும் மாலை வகுப்புக்கே கூட்டிவந்து கடைசி பெஞ்சில் உட்கார்த்திவிடுவாள். இன்றும் ரின்சி உள்ளே அங்கேதான் இருந்தாள்.

"ஊரையே பேச வைக்கிறீங்க. எம் பிள்ளையைப் பேச வைக்க ஒரு வழி சொல்ல மாட்டீங்களா?" ஜோவிட்டாவின் குரல் ஏறியது. "ராத்திரி கண்ணை மூடவே பயமாயிருக்கு. இப்படியே நின்னுபோச்சுன்னா?"

"முதல்ல இன்னைக்குப் பாடத்தை எடுங்க."

"நான் என்ன கேக்கிறேன், நீங்க என்ன சொல்றீங்க!"

"எடுங்க. நான் பின்னால உக்காந்து பார்க்கிறேன்."

ஜோவிட்டா உள்ளே போய் சாக்பீஸை வெடுக்கென்று எடுத்தாள்.

ஒருவர் இன்னொருவரை ஒன்றைச் செய்ய வைப்பது, செய்ய விடுவது. அன்றைய பாடம் அது. மேக், லெட் என்று ஆங்கிலத்தில் எழுதினாள்.

மேக்குக்குக் கீழே பலகை நிறைந்தது. அம்மா என்னைச் சாப்பிட வைத்தாள். டீச்சர் என்னை நிற்க வைத்தார். சிஸ்டர் என்னை அழ வைத்தார்.

லெட்டுக்குக் கீழே ஒன்றும் இல்லை.

"செல்வக்கனி, ஸ்பீக்!"

ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் செல்வக்கனி எழுந்தாள். "மை ஓனர்... மேட் மீ... டு..."

"நோ டு! ஹவ் மெனி டைம்ஸ்!" மேக்குக்குப் பின்னால் 'டு' வரக் கூடாது. மேசையில் ஓர் அடி.

"கோவப்படாதீங்க டீச்சர். அங்க ஓனரு நிக்க வைக்காரு, இங்க நீங்க நிக்க வைக்கீங்க. உக்கார விடுத ஆளே ஊர்ல கிடையாதா?"

வகுப்பு சிரித்தது.

ஜோவிட்டா கைப்பையைத் திறந்தாள். சிவப்பு நூல் கோத்த அட்டை ஒன்றை எடுத்துச் செல்வக்கனியின் கழுத்தில் போட்டாள். 'நான் தமிழ் பேசினேன்' என்று அதில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

கடைசி பெஞ்சில் ரின்சி இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஹமீதா அதைப் பார்த்தாள். எழுந்து போய் அட்டையைக் கழற்றினாள்.

"கொஞ்சம் வெளியே வாங்கக்கா."

படிக்கட்டில் வைத்துக் கேட்டாள். "என்ன இது?"

"எங்க கான்வென்ட் வழக்கம். தமிழ் பேசுனா கழுத்துல இது. இன்னொருத்தி பேசுறதைப் பிடிச்சு மிஸ்கிட்ட சொன்னா, அவ கழுத்துக்குப் போயிடும். சாயங்காலம் யார் கழுத்துல இருக்கோ அவளுக்கு அடி. அடி வாங்கித்தான் எனக்கு இங்கிலீஷ் வந்துச்சு. எம் பிள்ளை யார் முன்னாலயும் கூனிக் குறுகி நிக்கக் கூடாது!"

"வீட்டுலயும் போடுறீங்க."

"பொங்கலன்னிக்குத்தான் போட ஆரம்பிச்சேன்."

"வீட்டுல இருக்கிறது நீங்க ரெண்டே பேர்." ஹமீதாவின் குரல் கோபத்தில் நடுங்கியது. "அவ காதுபட நீங்க தமிழ் பேசுறதே இல்லை. அப்புறம் அந்தப் பிள்ளை யாரைக்கா பிடிக்கும்? யார் கழுத்துக்கு மாத்தும்?"

கீழே தெருவில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

"வழி கேட்டீங்கல்ல? போங்க. போய் நீங்க பேசுங்க."

ஹமீதா முன்னால் போய் அட்டையை ரின்சியின் பெஞ்சில் விட்டெறிந்தாள்.

ஜோவிட்டா மகளின் முன் முட்டி போட்டாள். நாக்கில் முதலில் வந்தது இங்கிலீஷ்தான். அதை விழுங்கினாள்.

"தங்கம்... அம்மா மேல கோவமாடா?"

ரின்சி அம்மாவின் உதட்டையே பார்த்தாள். பொத்திய கை மெல்ல இறங்கியது. அட்டையை எடுத்தாள். பெஞ்சு மேல் ஏறி நின்றாள். சிவப்பு நூலை அம்மாவின் தலை வழியே இறக்கி, கழுத்தில் இறுகுகிற மாதிரி ஓர் இழுப்பு இழுத்தாள்.

ஹமீதா பக்கம் திரும்பினாள். முகமெல்லாம் சிவந்து, தொண்டை நரம்பு புடைக்கக் கத்தினாள்:

"மிஸ்! எங்கம்மா தமிழ் பேசிட்டா!"