கலங்கிய ஊற்று

வெள்ளரைக்காடு என்ற மலைக் கிராமத்தில் அங்கம்மாள் பூண்டு பயிரிட்டுப் பிழைத்தாள். கணவன் இல்லை, சுகந்தி என்று ஒரே மகள். அவர்கள் தோட்டத்துக்கு மேலே, படிப்படியாக வெட்டிய பழைய பூண்டு வயல்களைக் குலசேகரன் என்பவர் வாங்கி, நாற்பது அறைகளோடு சுற்றுலா விடுதி கட்ட மனுப் போட்டார்.

செங்குத்தான சரிவில் கட்டக் கூடாது என்பது அந்த மலையின் விதி. சரிவை அளக்க வந்த அதிகாரி மகுடபதி, கருவியை ஒவ்வொரு படியின் நடுவிலும் வைத்தார். பூண்டுக்காகச் சமன் செய்த படியில் வைத்தால் எந்தக் கருவிதான் சரிவைக் காட்டும்? 'சமதளம்' என்று எழுதிக்கொண்டார் அந்தப் புண்ணியவான்.

கருத்துக் கேட்புக் கூட்டத்தில் அங்கம்மாள் எழுந்தாள்.

"சார், பத்து நாளா மழையே இல்ல. ஆனா எங்க ஊத்துத் தண்ணி செம்மண்ணாக் கலங்கி வருது. உள்ளுக்குள்ள மண்ணு நகருதோன்னு பயமா இருக்கு."

"நகருதுன்னு உங்களால நிரூபிக்க முடியுமாம்மா?" என்று கேட்டார் மகுடபதி.

"நான் எங்க சார் போய் நிரூபிப்பேன்?" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் குலசேகரன் அவள் வீட்டுக்கே வந்தார். சமையல் படிப்பு முடித்த சுகந்தி அப்போது திருப்பூருக்கு வேலைக்குப் போகத் துணிமணி எடுத்துவைத்துக்கொண்டிருந்தாள். "பாப்பாவுக்கு எங்க விடுதியிலயே வேலை தர்றேன். நீங்க ஆட்சேபத்த மட்டும் வாபஸ் வாங்கிக்குங்க," என்றார். மகள் கண்ணெதிரிலேயே இருப்பாளே என்ற ஒரே ஆசையில் அங்கம்மாள் கையெழுத்துப் போட்டாள். மனசே இல்லாமல் சுகந்தி பெட்டியைப் பிரித்தாள்.

விடுதி எழுந்தது. குலசேகரன் அனுமதிக்கு மேல் ஓரடிகூடக் கட்டவில்லை. அடுத்த ஐப்பசியில், மூன்று நாள் அடைமழைக்குப் பின் ஒரு மத்தியானம், படிகள் விடுதியோடு மொத்தமாகச் சரிந்தன. விருந்தினர்கள் ஊர் சுற்றப் போயிருந்தார்கள். சமையற்கட்டில் சுகந்தி இருந்தாள். இரண்டு நாள் தோண்டித்தான் அவள் உடலை எடுத்தார்கள்.

விசாரணையில் குலசேகரன், "நான் விதியை மீறவில்லை," என்றார். மகுடபதி, "ஆபத்துக்கு ஆதாரமில்லை, ஆட்சேபித்தவரும் வாபஸ் வாங்கிவிட்டார்," என்றார். அங்கம்மாள், "கையெழுத்துப் போட்டது நாந்தாங்க. என்னையத் தண்டிங்க," என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

படிப்பவரே, நீங்கள் நீதிபதியானால் இம்மூவரில் யாரைப் பொறுப்பாக்குவீர்கள்?

விடை: முதல் குற்றம் மகுடபதியுடையது. போனால் திரும்பக் கிடைக்காத மலை விஷயத்தில், சந்தேகம் எழுந்தாலே வேலையை நிறுத்த வேண்டும். ஆபத்தில்லை என்று நிரூபிக்க வேண்டியவர் கட்டுபவர், கீழே குடியிருப்பவரல்ல. அங்கம்மாள் வாபஸ் வாங்கினாள். ஊற்று வாபஸ் வாங்கவில்லையே! மகுடபதி அதைப் போய்ப் பார்த்திருக்க வேண்டும். குலசேகரன் விதியை மீறாவிட்டாலும், கெடுத்த மலையைச் சீராக்குவது அவர் கடமை. அங்கம்மாள்மேல் குற்றமில்லை. மலை எல்லோருக்கும் பொதுவானது. அதை விட்டுக்கொடுக்க ஒருத்தியின் கையெழுத்துக்கு அதிகாரம் கிடையாது. நீதிபதி இப்படித்தான் தீர்ப்புச் சொன்னார். அங்கம்மாள் கைகூப்பி ஒன்றே ஒன்று கேட்டாள்: "அப்ப, திருப்பூருக்குப் போறேன்னு நின்ன புள்ளைய நான் புடிச்சு வச்சேனே, அதுக்கு யாருங்கய்யா பொறுப்பு?"