நிமிர்த்தி வைத்த வட்டில்

கடல் இன்று நிற்கும் இடத்துக்கு ஒரு கூப்பிடு தூரம் கிழக்கே நின்ற காலத்துக் கதை இது. கேட்க வந்தவர்கள் கிட்ட வந்து உட்காருங்கள். அந்த நாட்டுக்கு ஒரு ராஜா உண்டு. அவர் இந்தக் கதைக்குள் வரமாட்டார். அவர் இலையில் வைத்த உப்பு மட்டும்தான் வருகிறது.

அந்த உப்பு விளைந்த ஊரில் வெண்ணி என்று ஒருத்தி இருந்தாள். அவள் கணவன் சேந்தன். கணவனின் தங்கை நங்கையும் அவர்களோடு இருந்தாள். ஓர் ஐப்பசியில் கடல் எழுந்து வந்து, அவர்களுடைய உப்பளத்தை வரப்போடு வாரிக்கொண்டு போயிற்று. மறுபடி வரப்புக் கட்டக் கப்பல் வணிகர் கண்டனாரிடம் கடன் வாங்கினார்கள். தவணை வந்தது, பணம் வரவில்லை.

கடனை அடைக்க முடியாதவன் கொடுத்தவருடைய கப்பலில் துடுப்புப் போட வேண்டும். துடுப்புக் கூலி வட்டிக்குச் சரியாகிவிடும். கடன் முதலாக வாங்கிய தொகையை வீட்டார் அடைக்க வேண்டும். முதல் தீரும்வரை அவன் கால் சொந்த ஊர் மண்ணில் படக்கூடாது. அது அந்தக் கரையின் வழக்கம்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. கப்பலேறிப் போனவனின் வட்டிலைக் கழுவி, அடுப்பங்கரை மூலையில் கவிழ்த்து வைப்பார்கள். கடன் தீர்ந்து அவன் வந்து உண்ண உட்காரும்போதுதான் அதை நிமிர்த்துவார்கள். சேந்தன் கப்பலேறிய அன்று வெண்ணியும் கவிழ்த்தாள். வெண்கல வட்டில் அது. விளிம்பில் ஓர் இடம் நெளிந்திருக்கும். இன்னும் சோறு வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்காமல், சேந்தன் அந்த இடத்தில் விரல் மோதிரத்தால் தட்டுவான். தட்டித் தட்டி நெளிந்தது. இப்போது வெண்ணி அடுப்பங்கரையைப் பெருக்கும்போதெல்லாம் அந்த நெளிவில் விரல் வைத்துவிட்டுத்தான் அப்பால் போவாள்.

ஆவணி தோறும் கண்டனாரின் கப்பல் உப்பு ஏற்ற வரும். அலை உடையும் இடத்துக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்கும். இறங்கக் கூடாதவர்கள் கப்பல் விளிம்பில் நிற்பார்கள். வெண்ணி கரையில் நிற்பாள். அத்தனை தூரத்தில் முகம் தெரியாது. ஆனால் இடது தோளைச் சற்றே தாழ்த்தி நிற்பவன் யார் என்று அவளுக்குத் தெரியும்.

முதல் ஆண்டு வெயில் நன்றாகக் காய்ந்தது. உப்பு மலைபோல் குவிந்தது, விலையும் ஏறியது. வழக்கமான செலவு போக, என்றும் இல்லாதபடி கையில் காசு மிஞ்சியது. நங்கைக்கு வாய் கொஞ்சம் நீளம். அன்றும் அவள்தான் முதலில் பேசினாள்.

"அண்ணி, இதில் மிதிகூலியை முதலில் எடுத்து வை. தையில் பாத்தியை மிதிக்க ஆள் வேண்டும்."

மழைக்காலத்தில் உப்புப் பாத்தியின் தரை இளகிச் சேறாகிவிடும். பத்து இருபது பேர் வரிசையாக நின்று, களிமண் கல்லாகும்வரை அதை மிதித்து இறுக்க வேண்டும். அந்த வேலைக்குக் கொடுப்பதுதான் மிதிகூலி.

"இந்தக் காசு வீட்டில் கிடக்கும் நாளெல்லாம் உன் அண்ணன் கடலில் கிடக்கிறார்," என்றாள் வெண்ணி. "எல்லாவற்றையும் கடனுக்குக் கொடுக்கப் போகிறேன்."

"அப்புறம் பாத்தியை யார் மிதிப்பது? ராஜா வருவாரா?"

"நீயும் நானும் மிதிப்போம்."

மிஞ்சியது முழுவதையும் தோணிக்காரர் உதியன் கையில் கொடுத்தாள். தோணி கப்பலுக்குப் போய்த் திரும்பியது. உதியன் சொன்னார்: "பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டார்கள் அம்மா. உன் வீட்டுக்காரர் ஒன்றே ஒன்று கேட்டார். 'என் வட்டில் இன்னும் கவிழ்ந்துதான் இருக்கிறதா?' என்றார்."

"அடுத்த ஆவணியில் நிமிரும் என்று சொல்லுங்கள், அண்ணே."

தை வந்தது. இரண்டு பெண்கள் மிதித்தார்கள். கணுக்கால் வீங்க மிதித்தார்கள். இரண்டு பேர் மிதித்து அந்தத் தரை இறுகுமா? கோடையில் விளைந்த உப்பு சேறு கலந்து பழுப்பாக இருந்தது. வாங்க வந்தவர்கள் கிள்ளிப் பார்த்துவிட்டு, "மாட்டுக்கு நக்கப் போடலாம்," என்று சொல்லிவிட்டு நடந்தார்கள். சோற்றுக்கும் மறு மிதிகூலிக்கும் கண்டனாரிடமே மீண்டும் கை நீட்ட வேண்டியதாயிற்று. அடைத்த கடன் அப்படியே பழைய அளவுக்கு ஏறி உட்கார்ந்துகொண்டது. அந்த ஆவணியில் கேள்வி மறுபடி வந்தது. வட்டில் கவிழ்ந்தே இருந்தது.

அடுத்த ஆண்டு ஆட்கள் வந்து மிதித்தார்கள். உப்பு பூப்போல் வெளுத்து விளைந்தது. மறுபடியும் காசு மிஞ்சியது. ஆனால் வெண்ணி பயந்துபோயிருந்தாள். பட்ட பசி நெஞ்சை விட்டுப் போகவில்லை. வரப்பை உயர்த்தினாள், கூரையை மாற்றினாள், குதிர் நிறைய நெல் கொட்டினாள். நங்கைக்கும் தனக்கும் புதுப் புடவை எடுத்தாள். கடனுக்கு ஒரு காசும் மிஞ்சவில்லை.

ஆவணியில் கப்பல் வந்தது. தாழ்ந்த தோளும் வந்து நின்றது. உதியனிடம் கொடுக்க வெண்ணியின் கையில் ஒன்றும் இல்லை. தோணி திரும்பியபோது கேள்வி மட்டும் வந்தது: "என் வட்டில் இன்னும் கவிழ்ந்துதான் இருக்கிறதா?"

வெண்ணி புதுப் புடவையின் முந்தானையைச் சுருட்டி இடுப்பில் செருகி மறைத்துக்கொண்டாள், அத்தனை தூரத்திலிருந்து அவன் அதைப் பார்த்துவிடுவான் என்பதுபோல.

அன்று சாப்பிடும்போது பானையில் சோறு மீந்தது. நங்கை எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "அண்ணன் இருந்திருந்தால் இது மீந்திருக்குமா? தட்டித் தட்டியே தின்று தீர்த்திருப்பார்."

வெண்ணியின் கை இலையிலேயே நின்றுவிட்டது. பிறகு எழுந்தாள். மூலைக்குப் போய் வட்டிலை எடுத்தாள். துடைத்தாள். நிமிர்த்தி வைத்தாள்.

"அண்ணி, இன்னும் கடன் தீரவில்லை," என்றாள் நங்கை. சிரிப்பு போயிருந்தது.

"தெரியும்," என்றாள் வெண்ணி. "உன் அண்ணன் இங்கே இருந்தால் என்ன தின்பார், என்ன உடுத்துவார், அதை இனி இதில் போடுவேன். அது கடனுக்கு."

வட்டிலுக்குப் பக்கத்தில் இரண்டு கலயங்களை வைத்தாள். ஒன்று பாத்திக்கு, மிதிகூலியும் வரப்பும் அதில். ஒன்று அடுப்புக்கு, வீட்டிலிருப்பவர்கள் அதில் உண்டு உடுத்தினார்கள். உப்பு விற்ற காசு வந்தால் முதலில் பாத்திக்கு, பிறகு அடுப்புக்கு, பிறகு வட்டிலுக்கு. அதற்கு மேலும் மிஞ்சினால் மூன்றுக்கும் சமமாக. சில இரவுகளில் ஆசை பொறுக்காமல், அடுப்பின் கலயத்திலிருந்து வட்டிலுக்கு மாற்றக் கை நீளும். அப்போதெல்லாம் பழுப்பு உப்பை நினைத்துக்கொண்டு கையை இழுத்துக்கொள்வாள்.

செய்தி ஊருக்குள் போயிற்று. கிணற்றடியில் ஒருத்தி கேட்டாள்: "புருஷன் கடலில் இருக்கிறான், வட்டில் நிமிர்ந்திருக்கிறதாமே. யாருக்குப் பரிமாறுகிறாளாம்?"

நங்கை குடத்தை இறக்கி வைத்தாள். "உங்கள் வீட்டு வட்டில் தினமும் காலியாகிறது அக்கா. எங்கள் வீட்டு வட்டில் தினமும் நிறைகிறது. வயிற்றெரிச்சல் வரத்தான் செய்யும்."

அடுத்த ஆவணியில் கண்டனாரே கரையிறங்கி வெண்ணியின் வீட்டுக்கு வந்தார். வாசலில் நின்றபடியே கேட்டார்: "கடன் தீருமுன் வட்டிலை நிமிர்த்தியிருக்கிறாய். இது எந்த ஊர் வழக்கம்?"

வெண்ணி வட்டிலைக் கொண்டுவந்து அவர் முன் வைத்தாள். நெளிந்த விளிம்புவரை காசு.

"கவிழ்ந்த வட்டிலில் எதையும் போட முடியவில்லை, ஐயா."

கண்டனார் காசைப் பார்த்தார். பிறகு உள்ளே பார்வையை ஓட்டினார். கலயங்கள் இரண்டையும் கண்டார். அவர் கெட்டவர் அல்லர், வணிகர். துடுப்புக்கு ஆள் வேண்டியவர்.

"அந்த இரண்டையும் இதோடு சேர்த்துக் கொடு," என்றார். "பாதிக் கடன் தீரும். இப்போதே உன் புருஷனைத் தோணியில் இறக்கி அனுப்புகிறேன். மீதியை ஓர் ஆண்டுக்குள் அடைத்தால் போதும்."

வெண்ணி கதவைப் பிடித்துக்கொண்டாள். இப்போதே என்றால், அந்தி சாய்வதற்குள். அடுப்பில் உலை வைத்தால் சோறு வேகும் நேரம். நங்கை அண்ணியின் முகத்தைப் பார்த்தாள்.

"ஐயா, இப்படி இதற்கு முன் யாருக்காவது இறக்கி விட்டீர்களா?" என்று கேட்டாள் வெண்ணி.

"மூன்று வீடுகளுக்கு."

"அவர்கள் இப்போது எங்கே?"

கண்டனார் கடலைப் பார்த்தார். "மறுவருஷம் மறுபடி கப்பல் ஏறிவிட்டார்கள்."

"மிதிக்காத பாத்தியில் அவர் வந்து என்ன விளைவிப்பார்? வெறும் பானையில் நான் என்ன பரிமாறுவேன்? மறுவருஷம் ஏறுவார். அவர் ஏறுவதை ஒருமுறை பார்த்துவிட்டேன், ஐயா. இன்னொரு முறை பார்க்க என்னால் ஆகாது." வட்டிலில் இருந்ததை அவர் துணியில் கொட்டினாள். "அவர் பங்கு இது. இதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்."

அவர் எடுத்துக்கொண்டார். ஒரு காசும் தள்ளிக் கொடுக்கவில்லை. கொடுத்தார் என்று சொல்கிறவர்களும் உண்டு. கதை கேட்கிறவர்களின் மனம் குளிர அப்படிச் சொல்லியிருப்பார்கள்.

வெண்ணி கரைக்கு ஓடினாள். உதியனின் தோணி வந்து மணலில் முட்டியது. அவர் வாயைத் திறக்குமுன் அவள் சொன்னாள்: "நிமிர்ந்திருக்கிறது என்று சொல்லுங்கள், அண்ணே. அவர் வரவில்லை, ஆனால் நிமிர்ந்திருக்கிறது. தினமும் அவருக்குப் பங்கு வைக்கிறேன் என்று சொல்லுங்கள்."

தோணி போயிற்று. கப்பலைத் தொட்டது. விளிம்பில் நின்றிருந்த தோள் மெல்ல இறங்கியது. அவன் உட்கார்ந்துவிட்டான்.

சேந்தன் எத்தனை ஆண்டு கழித்துக் கரையிறங்கினான் என்பதில் கதை சொல்கிறவர்கள் ஒத்துப்போவதில்லை. இரண்டு என்பார் சிலர், நான்கு என்பார் சிலர். மீசை நரைத்திருந்தது என்பதில் மட்டும் எல்லாரும் ஒன்று. அதுவரை ஒவ்வொரு தையிலும் பாத்தி மிதிக்கப்பட்டது, ஒவ்வொரு கோடையிலும் உப்பு வெளுத்தது, ஒவ்வொரு ஆவணியிலும் வட்டில் கண்டனாரின் துணியில் கவிழ்ந்து, மறுபடி நிமிர்ந்தது.

வந்தவன் அடுப்பங்கரையில் உட்கார்ந்தான். வட்டிலை நிமிர்த்தும் சடங்குக்கு வேலை இல்லை. வெண்ணி சோறு போட்டு, ஓரத்தில் ஒரு சிட்டிகை வெள்ளை உப்பு வைத்தாள். அவன் தலை குனிந்து தின்றான். மோதிரம் எப்போதோ துடுப்போடு தேய்ந்து போயிருந்தது. அவன் வெறும் விரலால், அந்தப் பழைய நெளிவில், மெல்லத் தட்டினான்.

குதிரில் நெல் இருந்தது. அவள் இன்னும் போட்டாள்.

கேட்டவர்களே, இந்தக் கதை சொல்லும் நீதி இது: கையில் மிஞ்சிய பணத்தில் கடனுக்கும் பங்கு உண்டு, வாழ்வுக்கும் பங்கு உண்டு, ஒன்றைப் பட்டினி போட்டு மற்றொன்றைக் காப்பாற்ற முடியாது.