செங்கமலத்துக்குக் கொடுத்த மருந்து

சித்த வைத்தியர் பூரணத்திடம் தொழில் பழக வந்தவர் சடையப்பன். குருவைவிடப் பத்து வயது மூத்தவர். அரசாங்க வேலையில் ஓய்வு பெற்ற கையோடு, இனி நாலு பேரின் நோயைத் தீர்த்துப் புண்ணியம் தேடலாம் என்று கிளம்பிவிட்டார். நல்ல மனிதர்தான். கை சுத்தம், அளவு சுத்தம். நோயாளி வீட்டு வாசல்படியை மட்டும் தாண்ட மாட்டார்.

அவர் தன் கையாலேயே இடித்துச் சலித்த முதல் மருந்து செங்கமலத்துக்குப் போனது. அவள் தனிக்கட்டை. விடாத காய்ச்சல். கட்டிலை ஒட்டிய ஜன்னல் வழியாகத் தினமும் ஒரு பொட்டலத்தை நீட்டிவிட்டு, இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு வந்துவிடுவார்.

அந்தச் செங்கமலம் செத்துப்போனாள். சேதி கேட்டதும் சடையப்பனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"அம்மா, நிலவேம்பைக் கூடுதலாப் போட்டுட்டேனோ? என் மருந்துதான் அவளைக் கொன்னுடுச்சா?"

பூரணம் செருப்பை மாட்டிக்கொண்டார். "வாங்க, போய்ப் பார்ப்போம்."

தெருவே அங்கேதான் இருந்தது. பந்தல், சங்கு, மாலை என்று ஒன்றுக்கும் குறைவில்லை. உயிரோடு இருந்தபோது எட்டிப் பார்க்காத சனம், இப்போது உட்கார இடமில்லாமல் நின்றது. எதிர்வீட்டுக்காரி பிணத்தின் தலைமாட்டில் மாரடித்து அழுதுகொண்டிருந்தாள்.

"எத்தனை நாளாப் படுக்கை?" என்று அவளிடம் கேட்டார் பூரணம்.

"ஒரு வாரமா எந்திரிக்கவே இல்லம்மா. அடுப்பே புகையல."

"நீ ஒரு வாய் கஞ்சி கொடுத்திருக்கலாமே?"

"புள்ளகுட்டிக்காரிம்மா நான். தொத்திக்கிட்டா?"

மூக்கைச் சிந்திவிட்டு, விட்ட இடத்திலிருந்து அழுகையைத் தொடர்ந்தாள். சடையப்பனுக்கு அவளை ஓங்கி ஓர் அறை விடலாம் போல் இருந்தது.

அவர் விடுவிடுவென்று வீட்டுக்குள் போனார். அந்த வாசல்படியை அவர் தாண்டியது அன்றைக்குத்தான். கட்டில் தலைமாட்டில் அவர் கொடுத்த பொட்டலங்கள் அத்தனையும் பத்திரமாக இருந்தன. ஒன்றுகூடப் பிரிக்கவில்லை. அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சாவு வீடு என்பதுகூட மறந்துபோய், அள்ளிக்கொண்டு வெளியே ஓடிவந்தார்.

"பாருங்கம்மா! மருந்து மேல குத்தமில்லை. அவ தொடவே இல்லை!"

"என்ன சொல்லிக் கொடுத்தீங்க?"

"எல்லாருக்கும் சொல்றதுதான். வெறும் வயித்துல தொடவே கூடாது, ஆகாரத்துக்கு அப்புறம்தான்னு கண்டிப்பாச் சொன்னேன்."

அதற்குள் வாய்க்கரிசி போடக் கூப்பிட்டுவிட்டார்கள். தட்டு நிறைய அரிசி வந்தது. எதிர்வீட்டுக்காரி முந்திக்கொண்டாள். அவள் பின்னாலேயே தெரு முழுவதும் வரிசை கட்டி நின்றது. ஒவ்வொருவராகக் குனிந்து செங்கமலத்தின் வாயில் அரிசியைப் போட்டார்கள்.

பூரணம் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சடையப்பன் பக்கம் திரும்பினார்.

"இப்பதான் ஆகாரம் வந்திருக்கு. போய் மருந்தைக் கொடுங்க."