ராஜா முகமறிந்த புகையிலைக் கடை

முன்னொரு காலத்தில் ஆணை போடுவதில் தீராத ஆசை கொண்ட ஒரு ராஜா இருந்தார். காலையில் அவருக்கு ஏதாவது ஒன்று தோன்றும். பொழுது சாய்வதற்குள் அதைக் கல்லில் வெட்டி அரண்மனை வாசலில் நட்டாக வேண்டும். நட்ட பிறகு அதைப் பற்றி அவர் நினைப்பதே இல்லை. கல்லில் ஏறிவிட்டால் காரியம் முடிந்துவிட்டது என்பது அவர் எண்ணம். கற்கள் பெருகிப் பெருகி, கடைசியில் பட்டத்து யானை உள்ளே வருவதற்கே வழி குறுகிவிட்டது. ராஜா கெட்டவர் அல்ல. கெட்டவராக இருந்திருந்தால் நான் இந்தக் கதையைச் சொல்ல உட்கார்ந்திருக்க மாட்டேன்.

அவருடைய சபையில் மருதவாணன் என்று ஒரு விகடகவி இருந்தான். ராஜா சொன்னதைச் சொன்னபடியே செய்து வைப்பான். அதனால் அவனிடம் எதையும் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். பொக்கிஷத்தைப் பார்த்துக்கொண்ட அனந்தநம்பிக்கு அவனைக் கண்டாலே ஆகாது. ராஜாவைச் சிரிக்க வைப்பவனுக்கு இவ்வளவு சம்பளமா என்று மாதா மாதம் வயிறு எரிவார்.

ஒரு நாள் செங்கமலம் என்ற பெண் சபைக்கு வந்தாள். கயிறு திரிப்பது அவள் தொழில். அவள் இருந்த தெருவில் எல்லாருக்கும் அதே தொழில்; அங்கே ஒரு வழக்கம் உண்டு. திரிக்க ஆரம்பித்துவிட்டால் நடுவில் கையை விடக் கூடாது; முறுக்கு அவிழ்ந்துவிடும். அதனால் பசி தெரியாமல் இருப்பதற்காகக் கன்னத்தில் ஒரு துண்டுப் புகையிலையை அடக்கிக்கொள்வார்கள். பெரியவர்களைப் பார்த்துப் பிள்ளைகளும் அப்படியே செய்தார்கள். செங்கமலத்தின் மூத்த மகனுக்குக் கன்னத்தில் புண் வந்தது. அது ஆறவே இல்லை. கடைசியில் கஞ்சிகூட இறங்காமல் செத்துப்போனான்.

“போனவனுக்காக நான் வரலை சாமி. சின்னவ இருக்கா, அஞ்சலைன்னு பேரு. பன்னெண்டு வயசு. நேத்து அவ கன்னமும் உப்பியிருந்திச்சு. வாயைத் தொறடின்னா தொறக்க மாட்டேங்குறா. கடைக்காரன்கிட்டப் போயி, புள்ளைக்குக் குடுக்காதேன்னு சொன்னேன். காசு குடுத்தா குடுப்பேன்னுட்டான். நான் சொன்னா கேக்கலை. நீங்க சொன்னா கேப்பான்” என்றாள்.

ராஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று மாலையே வாசலில் புதுக் கல் ஏறியது. ‘மீசை அரும்பாத பையனுக்கும் தாவணி போடாத பெண்ணுக்கும் என் நாட்டில் யாரும் புகையிலை விற்கக் கூடாது.’ எழுத்து முத்து முத்தாக இருந்தது. ராஜா அதைத் தடவிப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

குறுவை அறுவடை முடிந்தபோது செங்கமலம் மறுபடியும் சபையில் வந்து நின்றாள். இப்போது இளைத்திருந்தாள்.

“என்னம்மா, கல் நட்டாகிவிட்டதே?” என்றார் ராஜா.

“கல்லு இருக்கு சாமி. கடையும் இருக்கு. அஞ்சலை கன்னத்துல புகையிலையும் இருக்கு.”

ராஜா அனந்தநம்பியின் பக்கம் திரும்பினார். “கடைகளைக் கண்காணிக்க ஆள் போடவில்லையா?”

“அரசே, நாட்டில் எத்தனை புகையிலைக் கடை என்பதே யாருக்கும் தெரியாது. வெற்றிலைக்காரி கூடையிலும் விற்கிறாள், தச்சன் பட்டறையிலும் விற்கிறான். அத்தனை பேர் பின்னாலும் ஆள் போட்டால் பொக்கிஷம் தாங்குமா?”

அவர் சொன்னதில் பொய் இல்லை. சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. நாட்டிலேயே பெரிய புகையிலை வியாபாரியான திருமேனி அவருடைய சம்பந்தி. அந்தத் திருமேனி ராஜாவுக்கும் பால்ய சிநேகிதர். இருவரும் ஒரே வாத்தியாரிடம் சிலம்பம் பழகியவர்கள்.

மருதவாணன் மெதுவாகச் சொன்னான். “கல்லின் மேல் குற்றம் சொல்ல முடியாது, அரசே. அதற்குக் கால் இல்லை. கடைக்குப் போய் நிற்க அதனால் ஆகாது.”

சபையில் யாரும் சிரிக்கவில்லை. ராஜாவுக்குச் சுருக்கென்று தைத்தது. அனந்தநம்பி அந்த முகத்தைப் பார்த்தார். இதுதான் சமயம் என்று எழுந்தார்.

“அப்படியானால் காவலை விகடகவியே அமைக்கட்டும், அரசே. மூன்றே நிபந்தனை. பொக்கிஷத்தைத் தொடக் கூடாது. குடிகள் மேல் புது வரி போடக் கூடாது. தப்புச் செய்தவர்களிடம் வாங்கும் தண்டப் பணத்தில் காவலருக்குச் சம்பளம் கொடுக்கக் கூடாது. தண்டத்தில் பிழைக்கிறவன் எங்கே தப்பு நடக்கும் என்று நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு அலைவான். தைக்குள் முடியாவிட்டால் அந்தக் கல்லையும் பிடுங்கிவிடலாம், இவரையும் எல்லை தாண்டி அனுப்பிவிடலாம்.”

மூன்றாவது நிபந்தனை நியாயமானது. பொறாமைக்காரன் வாயிலிருந்தும் சில சமயம் நல்ல வார்த்தை வந்துவிடும். கோபத்தில் இருந்த ராஜா மூன்றுக்கும் தலையாட்டினார்.

செங்கமலத்துக்கு வேறு எதுவும் விளங்கவில்லை. கல்லைப் பிடுங்கப் போகிறார்கள் என்பது மட்டும் விளங்கியது. வெளியே போகும்போது மருதவாணன் பின்னாலேயே வந்து, “ஐயா, அந்தக் கல்லும் போயிட்டா எம் பொண்ணு தங்குவாளா?” என்று கேட்டாள்.

மறுநாள் அவன் ராஜாவிடம் ஒன்றே ஒன்று கேட்டான். இன்னொரு கல். ராஜாவின் முகம் மலர்ந்துவிட்டது.

“என்ன வெட்டச் சொல்கிறாய்?”

“‘நான் முகமறியாத எவரும் என் நாட்டில் புகையிலை விற்கக் கூடாது.’ அவ்வளவுதான், அரசே.”

இதில் என்ன செலவு, என்ன வரி? அனந்தநம்பி திருப்பித் திருப்பிப் படித்துப் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை. பைத்தியம் தன் குழியைத் தானே தோண்டுகிறது என்று விட்டுவிட்டார். கல் ஏறியது. ஊர் ஊராக முரசு அறைந்தார்கள். கூடவே மருதவாணன் இன்னொரு வார்த்தையும் சொல்லச் சொன்னான்: சின்னஞ்சிறுசுகளுக்குப் புகையிலை கொடுப்பவரை அரசர் மறந்துவிடுவார்.

அவ்வளவுதான். விடிந்தால் அரண்மனை வாசலில் கூட்டம். சுருட்டுச் சுற்றுகிறவர்கள், பொடி இடிக்கிறவர்கள், வெற்றிலைக் கூடைக்காரிகள், சந்தைக்குச் சந்தை மூட்டை தூக்குகிறவர்கள் எல்லாரும் கற்களுக்கு நடுவில் வளைந்து வளைந்து வரிசையில் நின்றார்கள். திருமேனி மட்டும் வரவில்லை. “அரசருக்கு என் முகம் தெரியாதா?” என்று கடைத்தெருவில் மீசையை முறுக்கிக்கொண்டார்.

முதல் நாள் ராஜாவுக்கு வேடிக்கையாக இருந்தது. ஒவ்வொருவராக வந்து பெயரையும் கடை இருக்கும் தெருவையும் சொல்லி, பிள்ளைகளுக்கு விற்பதில்லை என்று வாக்குக் கொடுத்தார்கள். ராஜா முகத்தைப் பார்த்து, “அறிந்தேன்” என்றார். இரண்டாம் நாள் சாப்பாடு ஆறிப்போனது. அப்புறம் பாட்டும் இல்லை, தூக்கமும் இல்லை. சபை முழுவதும் பொடி நெடி. தும்மித் தும்மி ராஜாவுக்கு மூக்கு சிவந்துவிட்டது. அப்போது மருதவாணன் ஒரு சுருட்டுக்காரரைக் கூட்டிவந்து நிறுத்தினான்.

“அரசே, இவரை அறிவீர்களா?”

ராஜா உற்றுப் பார்த்தார். “எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறது.”

“முந்தாநாள் இதே இடத்தில் அறிந்தீர்கள். இன்று அறியவில்லை என்றால் இவர் கடையைச் சாத்த வேண்டும். தங்கள் ஆணை.”

சுருட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டார். வரிசையில் இருந்தவர்கள் பதறிப்போனார்கள். “சாமி, நாங்க இங்க நின்னா அங்க கடையை யாரு பாக்குறது? மறுபடி மறுபடி வந்து மொகத்தைக் காட்டிக்கிட்டே இருக்கணுமா?” என்று ஒரு பொடிக்காரர் முன்னால் வந்து கும்பிட்டார்.

ராஜா களைத்துப்போயிருந்தார். “மருதவாணா, ஒரு மனிதன் எத்தனை முகத்தை நினைவில் வைப்பான்? எனக்குப் பதிலாக இவர்களை அறிந்துகொள்ள ஆட்களை வை. அவர்கள் கடை கடையாகப் போய்ப் பார்த்துக்கொள்ளட்டும்.”

“வைக்கலாம், அரசே. அந்த ஆட்களுக்குச் சோறு?”

ராஜா அனந்தநம்பியைப் பார்த்தார். அவர் மூன்று விரல்களை நீட்டிக் காட்டினார். ராஜாவுக்கு எரிச்சல் வந்துவிட்டது. வரிசையில் நின்றவர்களைப் பார்த்துக் கேட்டார்: “உங்களை அறிவதற்குத்தானே ஆள்? அந்தச் சோற்றை நீங்கள்தான் போட்டால் என்ன?”

“போடுறோம் சாமி. வருஷத்துக்கு ஒரு தடவை வாங்கிக்கிட்டு எங்களைக் கடைக்கு விடுங்க” என்றார் பொடிக்காரர். பின்னால் நின்றவர்களும் ஆமாம் போட்டார்கள்.

“இது புது வரி” என்று அனந்தநம்பி குறுக்கிட்டார். “குடிகள் மேல் வரி கூடாது என்பது நிபந்தனை.”

“நெல் விற்கிறவர் தன் படியைக் கொண்டுவந்து தங்கள் ஆட்களிடம் முத்திரை குத்திக்கொள்கிறார். அந்தக் கூலியை யார் கொடுக்கிறார்?” என்று மருதவாணன் கேட்டான்.

“விற்கிறவர்தான்.”

“அது வரியா?”

“அது எப்படி வரி ஆகும்? படி சரியா என்று பார்க்கிற கூலி. விற்க வேண்டாம் என்றால் கொடுக்க வேண்டாமே” என்றவர், சொல்லி முடிப்பதற்குள் தான் அகப்பட்டுக்கொண்டது தெரிந்து வாயை மூடிக்கொண்டார்.

ஆனாலும் விடவில்லை. யோசித்துவிட்டு இனிமையாகச் சொன்னார். “சரி. அந்தக் கூலி பொக்கிஷத்துக்கு வரட்டும். தேவைப்படும்போது நானே பார்த்துக் கொடுக்கிறேன்.”

இதுதான் ஆபத்தான இடம். பொக்கிஷத்துக்குள் போனது பட்டத்து யானைக்குப் பட்டாடையாகத்தான் வெளியே வரும் என்பது நாடறிந்த விஷயம். மருதவாணன் கைகூப்பினான்.

“தாராளமாக வரட்டும். ஆனால் பொக்கிஷத்தை நான் தொடக் கூடாது என்பது தங்கள் முதல் நிபந்தனை, அரசரும் ஒப்புக்கொண்டார். உள்ளே விழுந்த காசை நான் எப்படி எடுப்பேன்? அரசர் வாக்கைக் காப்பாற்ற வேண்டுமானால் இந்தக் காசு பொக்கிஷத்தின் படியைக்கூட மிதிக்கக் கூடாது. காவலருக்கு என்றே தனிப் பெட்டி வேண்டும்.”

ராஜா தும்மலும் சிரிப்புமாக, “பெட்டி செய்யச் சொல்” என்றார்.

அப்படித்தான் ஆயிற்று. பெரிய கடைக்குக் கூடுதலாகவும் கூடைக்குக் குறைவாகவும், காவலர் சம்பளத்துக்கு வேண்டிய அளவு மட்டும் வாங்கினார்கள். கொடுத்தவர் கடையில் ராஜமுத்திரை போட்ட செப்புத் தகடு தொங்கியது. “இந்தப் பீடைக்குக் காசு வேற அழணுமா? எனக்கு வெத்தலை போதும்” என்று சில கூடைக்காரிகள் புகையிலையையே விட்டுவிட்டார்கள். காவலர்கள் தெருத் தெருவாக நடந்தார்கள். யாரும் தப்புச் செய்யாவிட்டாலும் அவர்களுக்குச் சம்பளம் வந்தது. அதனால் தப்பை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை.

திருமேனியும் தகடு வாங்கி மாட்டியிருந்தார். பெரிய தகடு. ஆனால் ஒரு மத்தியானம், அவர் கையாலேயே ஒரு துண்டுப் புகையிலையை மடித்துக் கொடுத்ததைக் காவலர் ஒருவர் பார்த்துவிட்டார். வாங்கியவள் அஞ்சலை.

இருவரையும் சபைக்குக் கொண்டுவந்தார்கள். செங்கமலத்துக்கும் ஆள் போயிற்று. அவள் வந்து, யாரையும் பார்க்காமல், மகளின் வாய்க்குள் விரலை விட்டு அந்தத் துண்டை எடுத்து எறிந்தாள். கன்னத்தை விளக்கின் பக்கம் திருப்பிப் புண் இருக்கிறதா என்று தேடினாள்.

“தெரியாமல் நடந்துவிட்டது, அரசே” என்றார் அனந்தநம்பி. “சின்ன விஷயம்.”

திருமேனி சிரித்தபடியே நின்றார். “அரசே, என்ன இது? என்னைத் தங்களுக்குத் தெரியாதா?”

சபை முழுவதும் ராஜாவைப் பார்த்தது. மருதவாணன் தலையைக் குனிந்துகொண்டான். இதில் அவன் செய்யக்கூடிய தந்திரம் எதுவும் இல்லை. இந்த ஒரு கடையை விட்டால் நாட்டில் உள்ள அத்தனை தகடும் வெறும் செம்பு. ராஜாவுக்கும் அது தெரிந்தது. ஒன்றாகக் கம்பு சுற்றிய கைகள், ஒரே இலையில் சாப்பிட்ட நாட்கள் எல்லாம் அவர் முகத்தில் வந்து போயின. அவர் செங்கமலத்தின் விரலைப் பார்த்தார். அது இன்னும் மகளின் கன்னத்துக்குள் தேடிக்கொண்டிருந்தது.

“இவரை நான் அறியேன்” என்றார்.

திருமேனியின் சிரிப்பு நின்றது. காவலர்கள் தகட்டைக் கழற்றப் போனார்கள்.

ராஜா சிரித்தார். கண்ணில் தண்ணீர் நின்றது. “மருதவாணா, எத்தனை கல் வெட்டினேன், ஒன்றும் வலிக்கவில்லை. இன்று ஒரு வார்த்தை சொன்னேன், நெஞ்சை அறுக்கிறது. ஆணை என்றால் இதுதான் போலிருக்கிறது.” கழுத்தில் இருந்த முத்துமாலையைக் கழற்றி அவனுக்குப் போட்டார். வேண்டாம் என்று சொல்லும் ஆளா நம் விகடகவி? வாங்கிக்கொண்டான். ஆனால் அன்று முழுக்க யாரையும் சிரிக்க வைக்கவில்லை.

அடுத்த வாரம் ஒரு நாள் அஞ்சலை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். “ஊர் பூரா சுத்திட்டேன். ஒருத்தனும் குடுக்க மாட்டேங்குறான். எல்லாம் உன்னாலதான்” என்று தாயைத் திட்டினாள். அப்புறம் அடுப்பங்கரையை எட்டிப் பார்த்து, “பசிக்குது” என்றாள். அந்தக் குழந்தை அப்படிச் சொல்லி எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. செங்கமலம் அழுதுகொண்டே அடுப்பை மூட்டினாள்.